அலாரத்தோடு போன கனவுகள்

எனக்குக் கனவே வருவதில்லை என்றுதான் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவோ காலையில் காபி ஆற்றிக்கொண்டே தன் கனவை அத்தியாயம் அத்தியாயமாகச் சொல்வார்.

கோளாறு அலாரத்தில் இருந்தது. அடித்ததும் துள்ளி எழுந்து போனை எடுத்து வாட்ஸப்பைப் பார்ப்பேன். அதற்குள் எல்லாம் கலைந்துவிடும். சரி என்று போனைக் கூடத்தில் வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் முன்னதாகப் படுத்தேன். தெளிவான கனவுகள் அதிகம் வரும் ரெம் உறக்கம் சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை வந்தாலும், விடியற்காலையில்தான் நீளும். நான் வெட்டிக்கொண்டிருந்தது அந்தக் கடைசிப் பகுதியைத்தான்.

இப்போது விழித்ததும் புரளாமல், கண் திறக்காமல் அப்படியே கிடக்கிறேன். முதலில் ஒரு பயமோ அவசரமோதான் மிஞ்சியிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் காட்சி வரும். தலையணை ஓரம் ஒரு நோட்டும் பென்சிலும் (படுத்தபடி எழுதினால் பேனா மக்கர் செய்யும்). முதல் நாலு நாள் வெறும் தேதிதான். ஐந்தாம் நாள்: “ஈரச் செருப்பு. பஸ்ஸில் தாத்தா. டிக்கெட் கேட்கிறார்.” மத்தியானம் அதைப் படித்ததும் முழு பஸ்ஸும் திரும்பி வந்தது.

அம்மாவிடம் சொன்னேன். “தாத்தா எதுக்குடா உன்கிட்ட டிக்கெட் கேட்டார்?” என்று இன்னும் அதையே கேட்டுக்கொண்டிருக்கிறார்.