சென்னை மாநகராட்சிக்கு விகிதாசாரத் தேர்தல்: நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்

2022 தேர்தலில் 200 வார்டுகளில் திமுக மட்டுமே 153 பிடித்தது, அதிமுகவுக்கு 15தான். தோற்றவர்களுக்கு ஓட்டுப் போட்டவர்களும் இதே ஊரில்தானே சொத்து வரி கட்டுகிறார்கள்? வாங்கிய ஓட்டின் விகிதப்படி இடம் கொடுப்பதுதான் விகிதாசார முறை; அப்படி எண்ணினால் என்ன ஆகும்?

முதலில் உங்கள் மண்டலத்தின் வார்டு முடிவுகளை எடுத்து, கட்சிவாரியாக ஓட்டுகளைக் கூட்டுங்கள் (கூட்டணிக் கட்சிகள் வார்டுகளைப் பிரித்துக்கொண்டு நிற்பதால், கூட்டணியாகச் சேர்த்துக் கூட்டுவதே நியாயம்). அப்புறம் ஒவ்வொரு மொத்தத்தையும் 1, 2, 3 என்று வகுத்துக்கொண்டே போய், வரும் எண்களில் பெரியவற்றுக்கு வரிசையாக, இருக்கிற இடங்கள் தீரும்வரை இடம் கொடுங்கள். ஒரு பேச்சுக்கு, 5 இடங்களுக்கு மூன்று அணிகள் 48,000, 29,000, 23,000 வாங்கியிருந்தால், பெரிய எண்கள் 48,000, 29,000, 24,000, 23,000, 16,000. ஆக 3, 1, 1. வார்டு வார்டாக எண்ணினால் முதல் அணியே ஐந்தையும் அள்ளிவிடலாம்.

இது நமக்குப் புதிதும் அல்ல. மாநிலங்களவைக்கு நம் எம்எல்ஏக்கள் போடுவது விகிதாசார ஓட்டுதான்: 234 பேர், ஒரு தேர்தலில் 6 இடம், ஓர் இடம் ஜெயிக்க 34 ஓட்டு.

சரி, சட்டம்? உறுப்பினர்கள் வார்டுகளிலிருந்து நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 243ஆர் பிரிவு. அதனால் ஊர் முழுக்க கட்சிக்கு ஒரே வேட்பாளர் பட்டியல் கேட்பதைவிட, புனேயில் இருப்பதுபோல ஒரு வார்டுக்குப் பல உறுப்பினர்கள் கேட்டு, அதோடு அங்கே இல்லாத, விகிதாசார முறையில் ஓட்டு எண்ணுவதையும் சேர்த்துக் கேளுங்கள்.

"தெருவிளக்கு எரியலைன்னா யாரைப் பிடிக்கிறது?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்பார். உங்கள் வார்டின் கவுன்சிலர்களில் யார் போனை எடுக்கிறாரோ அவரை.