ஊரில் ஒரு திரைப்படக் கழகம்: முதல் திரையிடலை நடத்துவது எப்படி?

திரைப்படக் கழகம் தொடங்குபவர்கள் முதலில் புரொஜெக்டரைத் தேடி அலைகிறார்கள். அது வாடகைக்குக் கிடைத்துவிடும். படம் முடிந்தபின் பேசப்போகும் அரை மணி நேரத்தை முதலில் திட்டமிடுங்கள். கழகம் நிலைப்பது அதில்தான்.

படி 1: படத்தைத் தேர்ந்தெடுங்கள்

தொடக்கத்துக்கு இத்தாலிய இயக்குநர் விட்டோரியோ டி சிகாவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ (1948) மிகப் பொருத்தம். ஒன்றரை மணி நேரப் படம். போர் முடிந்த ரோம் நகரில், சுவரொட்டி ஒட்டும் வேலைக்கு அவசியமான சைக்கிள் திருட்டுப்போகிறது. அப்பாவும் மகனும் தேடுகிறார்கள். கதை எவருக்கும் புரியும். இந்தியாவில் திரைப்படக் காப்புரிமை, வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். இன்னும் அந்தக் காலத்தைக் கடக்காத படமென்றால் உரிமையாளரிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்குங்கள்.

படி 2: சப்டைட்டிலைத் தமிழாக்குங்கள்

ஆங்கிலம் வேகமாகப் படிக்க வராதவர் பிறகு வாய் திறக்கவே தயங்குவார். சப்டைட்டில் வசனங்கள் அடங்கிய எஸ்ஆர்டி (.srt) கோப்பை நோட்பேடில் திறந்து, நேரக் குறிப்புகளைத் தொடாமல் வசனத்தை மட்டும் மாற்றி, தமிழ் எழுத்து சிதையாமலிருக்க யூடிஎஃப்-8 (UTF-8) என்ற குறியாக்க முறையில் சேமியுங்கள். படத்தை ஓட்டும் விஎல்சி (VLC) மென்பொருளில், பேச்சுக்கு முந்தி எழுத்து வந்தால் ‘எச்’ (H) விசை, பிந்தினால் ‘ஜி’ (G).

படி 3: சுருக்கமாக அறிமுகப்படுத்துங்கள்

ஐந்து நிமிடம் போதும். விருதுப் பட்டியல் வேண்டாம். நாயகனாக நடித்த லாம்பெர்ட்டோ மஜோரானி ஓர் ஆலைத் தொழிலாளி என்று சொல்லுங்கள். அவர் முகத்தை எல்லோரும் கவனித்துப் பார்ப்பார்கள்.

படி 4: பேச வையுங்கள்

நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். “படம் எப்படி?” என்று கேட்டால் “நல்லாருக்கு” என்பதோடு முடிந்துவிடும். அடகுக்கடைக் காட்சியை மறுபடி ஓட்டுங்கள். திருட்டுக்கு முன், அடகில் இருக்கும் சைக்கிளை மீட்க வீட்டுப் படுக்கை விரிப்புகளை அடகு வைக்கிறார்கள். ஊழியர் அந்த மூட்டையோடு அடுக்குகளில் மேலே மேலே ஏறுகிறார். எங்கு பார்த்தாலும் அதேபோன்ற மூட்டைகள். ஒரு வீட்டின் வறுமை ஊர் முழுவதன் வறுமையாக விரிவதை வசனமே இல்லாமல் காட்டிவிடுகிறார் டி சிகா. ஆனால் இதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். “இங்கே என்ன பார்த்தீர்கள்?” என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். யாராவது தம் வீட்டு நகை அடகுக்குப் போன கதையைச் சொல்லத் தொடங்குவார். தடுக்காதீர்கள், பேச்சு திறப்பதே அங்கேதான்.

அடுத்து, கடைசியில் அப்பாவே திருடத் துணியும் இடம். “அவரைப் பிடித்தவர்கள் செய்தது சரியா?” என்று கேளுங்கள். இதுவரை பேசாதவருக்கு முதல் வாய்ப்பு.

கலையும் முன் அடுத்த மாதப் படத்தை முடிவுசெய்துவிடுங்கள். ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவாவின் ‘ராஷோமோன்’ (1950) என்றால், ஒரே சம்பவத்தை நால்வர் நான்கு விதமாகச் சொல்வதால் விவாதத்துக்குக் குறையே இருக்காது.