முன்தயாரிப்பில் ஈரம் செய்யும் கேடு

கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்குக் காலை பஸ் பிடித்து வேலைக்குப் போகிறவர்களுக்கும், விடிந்ததும் நடவுக்குக் கிளம்புகிறவர்களுக்கும் முன்தயாரிப்பு இல்லாமல் வீட்டுச் சாப்பாடு நடக்காது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு வாரத்துக்கானதை எல்லாம் நறுக்கி, அரைத்து, டப்பா டப்பாவாக அடுக்கிவிட்டுப் புதன்கிழமை பாதியைக் குப்பையில் கொட்டுகிற வீடுகளைத்தான் அதிகம் பார்க்கிறேன். எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்று பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒன்றாக நடத்துவதால் வரும் நஷ்டம் இது. உலர்ந்தது நிற்கும், புளிப்பும் உப்பும் ஏறி எண்ணெயில் சுருண்டது நிற்கும். ஈரம் நிற்காது.

அதிகம் வீணாவது தேங்காய். துருவிய தேங்காயில் ஈரமும் உண்டு, கொழுப்பும் உண்டு. சித்திரை வெயிலில் காலையில் துருவியது மத்தியானத்துக்குள் வாடை மாறிவிடும். ஃபிரிட்ஜில் வைத்தாலும் மூன்று நாளுக்கு மேல் நம்பக்கூடாது. ஃபிரீசரில் வைப்பதானால் ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகப் பிரித்து வையுங்கள். மொத்தமாக வைத்து, எடுத்து இளக்கி, மீதியைத் திரும்ப உறைய வைப்பது தவறு. தேங்காய் சேர்த்து அரைத்த மசாலாவும் அப்படியே. அரைத்துவிட்ட சாம்பாருக்கு மல்லி, மிளகாய், கடலைப்பருப்பு, வெந்தயத்தை வறுத்து, நன்றாக ஆறவைத்துப் பொடித்து வைத்துக்கொண்டால் போதும். காலையில் தேங்காயோடு அந்தப் பொடியை ஒரு சுற்று சுற்றினால் விழுது தயார். இட்லி, தோசைக்குத் தொட்டுக்கொள்ளும் கும்பகோணம் கடப்பாவுக்குப் பாசிப்பருப்பையும் உருளைக்கிழங்கையும் முதல் நாள் இரவே வேகவைத்து ஃபிரிட்ஜில் வைக்கலாம். தேங்காய், பொட்டுக்கடலை, சோம்பு, பச்சைமிளகாய் விழுதை அன்றன்றைக்கு அரைப்பதே சரி.

வறுத்ததைச் சூட்டோடு டப்பாவில் போட்டு மூடுவதும் தவறுதான். ஆவி மூடியில் நீராகி உள்ளே சொட்டும். ஐப்பசி மழையில் நாலே நாளில் பொடி கட்டிபிடித்துவிடும்.

புளிக்காய்ச்சல் நம் பக்கத்தின் பெரிய வரம். ஒரு முறை காய்ச்சி வைத்தால் சோறு வடிக்கும் நேரத்தில் சாப்பாடு ஆகிவிடும். அதைக் கெடுப்பது பெரும்பாலும் அவசரம். கரைத்த புளி நன்றாக வற்றி, நல்லெண்ணெய் ஓரத்தில் பிரிந்து நிற்கும்வரை அடுப்பை விட்டு இறக்கக்கூடாது. எண்ணெயை மிச்சம் பிடித்தால் ஆயுளும் குறையும். அலுமினியப் பாத்திரத்தில் வைக்காதீர்கள், புளி அதை அரிக்கும். பீங்கான் ஜாடியோ கண்ணாடிப் புட்டியோ வேண்டும். ஈரக் கரண்டி ஒரு முறை பட்டாலும் பூஞ்சணம் வந்துவிடும். இன்னொன்று: வேர்க்கடலையையும் கடலைப்பருப்பையும் காய்ச்சும்போதே போட்டுவிடுகிறார்கள். நாலு நாளில் அவை ஊறிச் சொதசொதத்துவிடும். சோறு கிளறும் அன்று தனியாக வறுத்துச் சேர்த்தால்தான் பல்லுக்கு இதமாக இருக்கும்.

காய்களில் அவரை, கொத்தவரை, பீன்ஸ் ஆகியவற்றை இரண்டு நாளுக்கு முன்பே நறுக்கி வைக்கலாம். கழுவி, துணியில் துடைத்து, பிறகு நறுக்க வேண்டும். நறுக்கிய பின் கழுவினால் சத்து நீரோடு போய்விடும். கத்தரிக்காயையும் உருளைக்கிழங்கையும் முன்கூட்டி நறுக்கவே வேண்டாம், கறுத்துவிடும். கீரையை ஆய்ந்து, கழுவாமல், உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். வாழைப்பூவில் கள்ளன், அதாவது ஒவ்வொரு பூவுக்குள்ளும் இருக்கும் வேகாத நரம்பு, எடுப்பதுதான் நேரத்தைத் தின்னும் வேலை. திருவையாற்றுப் படுகையிலிருந்து வாழைப்பூ வந்தால் அதை இரவே ஆய்ந்து, நறுக்கி, நீர்மோரில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். வாழைத்தண்டுக்கும் இதே வழிதான். மறுநாள் காலையில் சமைத்துவிட வேண்டும். இன்னொரு நாள் தள்ளினால் புளிப்பு ஏறிவிடும்.

இட்லி மாவை முழுவதும் புளிக்கவைத்து, தினமும் அதே பாத்திரத்தை வெளியே எடுத்து உள்ளே வைக்கிறார்கள். அரைத்த உடனே இரண்டாகப் பிரித்து ஒன்றைப் புளிக்கும் முன்பே ஃபிரிட்ஜில் வைத்தால் வாரக் கடைசியிலும் இட்லி பூப்போல வரும்.

அடுத்த இரண்டும் உடலுக்கே ஆபத்து. உரித்த பூண்டை எண்ணெயில் மூழ்கவைத்து அலமாரியில் வைக்காதீர்கள். காற்றுப் புகாத அந்த இடத்தில் நரம்பைத் தாக்கும் நச்சை உண்டாக்கும் கிருமி வளரும், வாடையில் தெரியாது. சோற்றையும் வடித்து அப்படியே இரவு முழுக்க மூடி வைத்துவிட்டு மறுநாள் தாளிக்கக்கூடாது. கொதித்தும் சாகாத கிருமி வித்துகள் வெதுவெதுப்பில் முளைக்கும். அவை விடும் நச்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. இரண்டு மணி நேரத்துக்குள் தட்டில் பரப்பி ஆற்றி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

ஃபிரிட்ஜ் ஒன்றையே நம்பியிருப்பதும் தவறு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்த பிறகு எங்கள் ஊரில் பல நாள் மின்சாரம் இல்லை. தேங்காய், மாவு, வெந்த பருப்பு எல்லாவற்றையும் குழி தோண்டிப் புதைத்தேன். புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் தாளிப்பு வடகமும்தான் எங்களைக் காப்பாற்றின. அந்த வடகத்திலும் தவறு செய்கிறவர்கள் உண்டு: சின்ன வெங்காயமும் பூண்டும் உளுந்தும் கடுகும் சேர்த்துப் பிடித்த உருண்டை மேலே காய்ந்ததும் எடுத்து வைத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு மாலையும் உருண்டையை உடைத்துப் பிசைந்து, விளக்கெண்ணெய் தொட்டு மறுபடி பிடித்து, அடுத்த நாள் வெயிலில் வைக்க வேண்டும். பத்து நாள் கழித்து ஒன்றை உடைத்துப் பாருங்கள். நடுவில் விரலுக்குச் சற்றே குளிர்ச்சி தட்டினாலும் இன்னும் இரண்டு வெயில் காட்டிவிட்டு ஜாடியில் போடுங்கள்.