டோல்கேட் இல்லாத டோல்: லண்டனில் வாடகைக் கார் எடுப்பவர்களுக்கு

இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் நம் ஊர் லைசென்ஸிலேயே ஓட்டலாம். கார் எடுக்க லைசென்ஸ், பாஸ்போர்ட், உங்கள் பேரில் ஒரு கிரெடிட் கார்டு வேண்டும். சின்ன ஆட்டோமேட்டிக் வண்டி சீக்கிரம் தீர்ந்துவிடும், வாடகையும் கூடுதல். முன்னாலேயே புக் செய்யுங்கள். சாவி கைக்கு வந்ததும் வண்டியைச் சுற்றி வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

நம்மைப் போல இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள், அதனால் பயம் வேண்டாம். ஆனால் ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச் கிடையாது, கிளட்ச் மிதித்தே பழகிய இடது கால் சும்மா இருக்காது. முதல் சிக்னலில் என் கால் தானாகப் போய், அகலமான பிரேக்கை கிளட்ச் என்று நினைத்து ஓங்கி மிதித்தது. பின் சீட்டில் அம்மா மடியில் வைத்திருந்த எலுமிச்சை சாத டப்பா கீழே உருண்டது. இடது காலைப் பின்னால் மடக்கி வைத்துவிடுங்கள். பிரேக், ஆக்ஸிலரேட்டர் இரண்டும் வலது காலுக்குத்தான்.

எனக்குப் பணம் போனது வேறொரு இடத்தில்.

ஊரிலிருந்து வந்த அம்மா அப்பாவை ஈஸ்ட் ஹாமிலிருந்து டோவர் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். டார்ட்ஃபோர்டில் தேம்ஸைக் கடக்க வேண்டும். போகும்போது பெரிய பாலம், வரும்போது சுரங்கப்பாதை. பரனூர் டோல்கேட் பழக்கத்தில், பாலம் கண்ணில் பட்டதுமே அப்பா "காசு எடுத்து வைப்பா" என்றார். பூத்தும் இல்லை, குறுக்குக் கட்டையும் இல்லை. "டோலே இல்லையா, பரவாயில்லையே!" என்றார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

பூத்துகளை 2014-லேயே எடுத்துவிட்டார்கள். கேமரா நம்பர் பிளேட்டைப் படித்துக்கொள்ளும். காலை 6 மணியிலிருந்து இரவு 10 மணிக்குள் கடந்தால், மறுநாள் நள்ளிரவுக்குள் நாமே ஆன்லைனில் கட்ட வேண்டும். ஃபாஸ்டேக் மாதிரி தானாகக் கழியாது. காருக்கு ஒரு தடவைக்கு 3.50 பவுண்ட். தவறினால் ஒவ்வொரு தடவைக்கும் 70 பவுண்ட் அபராதம். 14 நாளுக்குள் கட்டினால் 35, 28 நாள் தாண்டினால் 105.

நோட்டீஸ் முதலில் கார் கம்பெனிக்குப் போனது. அவர்கள் என் விலாசத்தைக் கொடுத்துவிட்டு, இரண்டு நோட்டீஸுக்கும் தனித்தனியாக நிர்வாகக் கட்டணம் என்று என் கார்டிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். விலாசமோ நான் காலி செய்துவிட்ட ஈஸ்ட் ஹாம் அறை. ஹாரோவுக்கு மாறிய பிறகு ஒருநாள் பழைய வீட்டுக்காரர் கூப்பிட்டு, கடிதங்கள் கிடக்கின்றன என்றார். போய்ப் பிரித்தால் இரண்டுமே 105. ஏழு பவுண்டில் முடிந்திருக்க வேண்டியது. சாவி கொடுத்த கவுண்ட்டரில் கூடுதல் இன்ஷூரன்ஸ் விற்கக் கால் மணி நேரம் பேசினார்களே, இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்னும் ஆறவில்லை.

கிளம்புவதற்கு முன்பே வண்டி நம்பரைப் போட்டுப் பணம் கட்டிவிடலாம், அதைச் செய்யுங்கள். வீடு மாறினால் கார் கம்பெனிக்குப் புது விலாசத்தைச் சொல்லுங்கள். மத்திய லண்டனுக்குள் ஓட்டுவதற்கான நெரிசல் கட்டணம் (கஞ்சஷன் சார்ஜ்), ஹீத்ரோ டெர்மினல் வாசலில் ஆளை இறக்கிவிடுவது, 2025 ஏப்ரலிலிருந்து பிளாக்வால், சில்வர்டவுன் சுரங்கங்கள் எல்லாமே இதே கேமரா கதைதான்.

அப்பாவிடம் நான் இதைச் சொல்லவில்லை. பாலத்தின் உச்சியில் கண்ணாடியை இறக்கி தேம்ஸைப் பார்த்ததை இன்னும் ஊரில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.