கூட்டுவதற்கு முன் எண்தானா என்று பாருங்கள்

சிங்கப்பூர்த் தேக்காவில் அத்தைக்கு ஒரு மளிகைக் கடை. மாதக் கடைசியில் தினசரி விற்பனைப் பட்டியலை எக்செல்லிலிருந்து எடுத்து அனுப்புவார். அதைச் சின்ன ஜாவாஸ்கிரிப்ட் நிரலில் போட்டுக் கணக்குப் பார்ப்பது என் வேலை. நிரலுக்குள் அந்தப் பட்டியல் ஓர் அரே, அதாவது மதிப்புகளின் வரிசை. அதை நான் கையாளும் விதம் இது.

முதலில் சுத்தம் செய்வது. பாதி நேரம் இதற்கே போகும், போகவும் வேண்டும். கோப்பிலிருந்து வருவதெல்லாம் பார்க்க எண் மாதிரி இருக்கும்; உண்மையில் சரம், அதாவது வெறும் எழுத்துத் தொடர். "4.50", "12.80" இரண்டையும், அரேயை ஒரே மதிப்பாகச் சுருக்கும் ரெடியூஸில் தொடக்க மதிப்பு 0 கொடுத்துக் கூட்டினால் 17.30 வராது, "04.5012.80" என்று ஒட்டிக்கொண்டு வரும். இதுவாவது கண்ணில் படும். காற்புள்ளியோடு வந்த "1,250"ஐ, சரத்தை எண்ணாக்கும் பார்ஸ்ஃப்ளோட்டிடம் கொடுத்துப் பாருங்கள். சத்தமே இல்லாமல் 1 என்று தரும். 1,249 வெள்ளி (டாலர்) போயே போச்சு, ஒரு பிழைச்செய்தி கூட வராது!

நம்பர் என்ற செயற்கூறு அதே சரத்துக்கு நேன் (எண் அல்ல) என்று சொல்லிவிடும். அதனால் எனக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் அது வெற்றுச் சரத்தை 0 ஆக்கிவிடும். கடை பூட்டியிருந்த நாளும் கணக்கில் சேர்ந்து சராசரியைக் கீழே இழுக்கும். ஆகவே முதலில் ஃபில்டரால் வெற்றுக் கட்டங்களைத் தள்ளுங்கள். அப்புறம், ஒவ்வொரு மதிப்பையும் மாற்றித் தரும் மேப்பில் காற்புள்ளிகளை நீக்கி நம்பருக்குக் கொடுங்கள். நேன் ஒன்றாவது மிஞ்சினால் நிரலை அங்கேயே நிறுத்துங்கள். அதை 0 என்று வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள், கடைக்காரரிடம் கேளுங்கள்.

மேப்பிடம், சரத்தை முழு எண்ணாக்கும் பார்ஸ்இன்ட்டின் பெயரை மட்டும் கொடுப்பதும் ஆபத்து. "10", "20", "30" என்ற அரே 10, நேன், நேன் ஆகும். மேப் இரண்டாவதாக அனுப்பும் இட எண்ணை அது எண்ணடிமானமாக (பத்தடிமானம், இரண்டடிமானம் என்பது போல) எடுத்துக்கொள்கிறது.

அடுத்து, வெள்ளியைக் காசாக்குங்கள். 4.35ஐ 100ஆல் பெருக்கினால் 434.99999999999994 வரும், மேத்.ரவுண்ட் போட்டு 435 ஆக்கி, கடைசிவரை முழு எண்ணிலேயே கணக்குப் பண்ணுங்கள். 2024 முதல் பொருள் சேவை வரி 9 விழுக்காடு. 150 காசுப் பொருள் மூன்றுக்குத் தனித்தனியாக வரியை முழுமையாக்கினால் 14 வீதம் 42 காசு. மொத்தம் 450க்குச் சேர்த்துப் போட்டால் 41. எந்த வழி என்று கடையில் முடிவு செய்துவிட்டு அதையே எல்லா இடத்திலும் வையுங்கள்.

வரிசைப்படுத்தும் சார்ட்டைச் சும்மா போட்டால் எண்களைச் சரமாக நினைத்து அடுக்கும்: 9, 80, 100, 10 என்பது 10, 100, 80, 9 ஆகும். முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்துத் தரும் ஒப்பீட்டுச் செயற்கூறு கட்டாயம் வேண்டும். சார்ட் மூல அரேயையே கலைத்துவிடும் என்பதால், ஜாவாஸ்கிரிப்ட்டின் 2023 தரத்தில் வந்த, அடுக்கியதைப் புது அரேயாகத் தரும் டுசார்ட்டட் எனக்கு வசதி.

தீபாவளி மாதத்தில் சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். அந்த ஒரு வார விற்பனை அதைத் தூக்கிவிடும். அடுக்கிய அரேயின் நடு எண்ணையும் எடுங்கள். எண்ணிக்கை இரட்டைப்படை என்றால் நடுவில் உள்ள இரண்டின் சராசரி.

இத்தனைக்கும் முன்னால் அரேயின் லெங்த் (நீளம்) 0தானா என்று பார்த்துவிடுங்கள். வெற்று அரேக்குச் சராசரி நேன், மிகப் பெரிய எண்ணைத் தரும் மேத்.மேக்ஸ் கழித்தல் முடிவிலி. தொடக்க மதிப்பு இல்லாத ரெடியூஸ் பிழை எறிந்துவிடும்.