கார் கண்ணாடி ஃபிலிமை உரித்த அனுபவம்

பழைய கார் வாங்கியபோதே கண்ணாடிகளில் கறுப்பு ஃபிலிம் இருந்தது. வெயிலுக்கு நல்லதுதானே என்று விட்டுவிட்டேன். பைபாஸில் மடக்கி 500 ரூபாய் அபராதம் போட்டார்கள். மோட்டார் வாகன விதி 100-இன்படி முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீதமும் பக்கங்களில் 50 சதவீதமும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும். 2012-இல் உச்ச நீதிமன்றம் ஃபிலிம் ஒட்டவே கூடாது என்றது. 2024-இல் கேரள உயர் நீதிமன்றம், திருத்திய விதிப்படி இந்த அளவு குறையாமல் இருந்தால் ஒட்டலாம் என்றது. என் ஃபிலிம் அதிலும் தேறாது. உள்ளே யார் இருக்கிறார் என்றே தெரியாது.

சரி, நானே உரிப்போம் என்று உட்கார்ந்தேன். ஹேர் டிரையரால் மூலையைச் சூடாக்கி, நகத்தால் நெம்பி, மெதுவாக இழுத்தால் முழுத் தாளாக வந்துவிடுகிறது. அவசரப்பட்டால் கிழிந்து, பசை கண்ணாடியிலேயே தங்கிவிடும். அதற்குச் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பிளேடைச் சாய்த்துச் சுரண்டினேன். பின்கண்ணாடியில் மட்டும் பிளேடு வைக்காதீர்கள்! பனி நீக்கும் மெல்லிய கம்பிகள் அறுந்துவிடும். அங்கே பசையை ஊறவைத்துத் துணியால் தேய்த்தேன், இரண்டு மணி நேரம். அன்று இரவு ரிவர்ஸ் எடுக்கும்போது, பின்னால் நின்ற சைக்கிள் முதல்முறையாகத் தெளிவாகத் தெரிந்தது.