விடியற்காலைச் சந்தை: கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகப் போகிறவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து வந்து, பெங்களூரில் விமானம் இறங்கிச் சேலம், ஈரோடு, திருச்சி என்று காரில் விரைகிறவர்கள், கிருஷ்ணகிரியையும் தருமபுரியையும் நெடுஞ்சாலைப் பெயர்ப்பலகைகளாக மட்டுமே பார்த்துவிட்டுப் போகிறார்கள். காபிக்கு ஒரு நிறுத்தம், அவ்வளவுதான். அடுத்த பயணத்தில் இரண்டில் ஓர் ஊரில் ஓர் இரவு தங்கி, காலையில் உழவர் சந்தைக்குப் போய்ப் பாருங்கள்.

காலை என்றால் விடியற்காலை. சுற்றுக் கிராமங்களிலிருந்து மூட்டையும் கூடையுமாக முதல் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் இருட்டு விலகும்போதே கடை விரித்துவிடுவார்கள். வெயில் ஏறிய பிறகு போனால் நல்ல கீரை இருக்காது, மிஞ்சியதுதான் கிடைக்கும்.

உழவர் சந்தை 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கிய அரசுத் திட்டம். விளைவித்தவரே தரகர் இல்லாமல் விற்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. விற்பவருக்கு அடையாள அட்டை உண்டு. அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும். அதனால் இங்கே பேரம் பேசாதீர்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். டாலரிலும் பவுண்டிலும் சம்பளம் வாங்குகிறவர் கீரைக்கட்டுக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்வது மனதுக்கு ஒப்பவில்லை. நீங்கள் கேட்காமலேயே ஒரு கொத்துக் கறிவேப்பிலை பைக்குள் விழும்.

அக்கா, அண்ணா என்று கூப்பிடுங்கள்; வயதான அம்மாள் என்றால் ஆயா. ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் காதில் விழும், ஆனால் தமிழிலேயே வியாபாரம் நடக்கும். வெளிநாட்டு கார்டு இங்கே செல்லாது. பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். துணிப்பையும் எடுத்துப் போங்கள்; தமிழ்நாட்டில் 2019 முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருக்கிறது.

எதை வாங்குவது? இது மழையை நம்பி வாழும் மேட்டுநிலம். கேழ்வரகு, சாமை, கொள்ளு, துவரை, அவரை, புளி ஆகியவைதான் இந்த மண்ணின் செல்வம். நகரத்துக் கடையில் அடுக்கி வைத்திருக்கும் கேரட்டையும் முட்டைக்கோஸையும் விட்டுவிட்டு, ஈரச்சாக்கின்மேல் கீரை பரப்பியிருக்கும் ஆயா பக்கம் போய் உட்காருங்கள். காட்டில் தானாக முளைத்த பண்ணைக் கீரையும் தொய்யக் கீரையும் ஒரே கட்டில் கலந்து கிடக்கும். வேரில் செம்மண் ஒட்டியிருக்கும். எப்படிச் சமைப்பது என்று கேட்டால், பருப்பு எவ்வளவு, பூண்டு எவ்வளவு, எப்போது மத்தால் கடைய வேண்டும் என்று கையால் அளந்து காட்டுவார்கள். மார்கழி, தையில் வந்தால் பச்சை மொச்சையையும் பச்சைத் துவரையையும் தவறவிடாதீர்கள். உப்புப் போட்டு வேகவைத்தால் போதும்.

கோடையில் வந்தால் மாம்பழம். கிருஷ்ணகிரி மாவட்டத்து மாந்தோப்புகளில் பெரும்பகுதி பெங்களூரா வகை. கிளிமூக்கு என்றும் சொல்வார்கள். அது மாம்பழக்கூழ் ஆலைகளுக்குப் போய் டின்களில் கடல் கடக்கிறது. நீங்கள் அங்கே வாங்கும் டின்னும் இந்த ஊரிலிருந்து வந்ததாக இருக்கலாம். பழமாகத் தின்ன வேறு வகைகளைக் கேளுங்கள்: செந்தூரா, அல்போன்சா, மல்கோவா, இமாம் பசந்த், பருவக் கடைசியில் நீலம். தோளில் சிவப்பேறிய செந்தூராவைக் காம்பருகே முகர்ந்து பாருங்கள். மணம் வர வேண்டும். மேலெல்லாம் ஒரே மஞ்சளாக இருந்து மணமே இல்லையென்றால் வைத்துவிடுங்கள், கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைத்ததாக இருக்கக்கூடும்.

வாரச்சந்தைகள் வேறு உலகம். போச்சம்பள்ளியில் ஞாயிறு, காரிமங்கலத்தில் செவ்வாய். ஆடு, மாடு, கோழி, தானியம் எல்லாம் ஒரே இடத்தில். பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள், கையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பசித்தால் பக்கத்துச் சிறு உணவகத்தில் ராகிக் களி கேளுங்கள். சூடான உருண்டையின் நடுவில் குழி செய்து கீரைக் கடைசலோ கருவாட்டுக் குழம்போ ஊற்றித் தருவார்கள். விரலால் கிள்ளி, குழம்பில் புரட்டி, மெல்லாமல் விழுங்க வேண்டும். மென்றால் பல்லில் ஒட்டிக்கொள்ளும். அத்தோடு பிள்ளைகள் களியை வெறுத்துவிடுவார்கள். தள்ளுவண்டிக் கம்மங்கூழ் அருமையானதுதான், மோர் மிளகாயும் சின்ன வெங்காயமும் தொட்டுக்கொண்டு குடித்தால் வெயிலே தெரியாது. ஆனால் அதில் கலக்கும் தண்ணீர் வெளிநாட்டில் வளர்ந்த வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். குழந்தைகளுக்கு வேகவைத்த வேர்க்கடலையும் வெட்டாத பழமும் வாங்கிக் கொடுங்கள். மாலை வரை இருந்தால் கிருஷ்ணகிரி அணைக்கருகே மீன் வறுவல் கடைகள் உண்டு. கண்ணெதிரே பொரித்ததை மட்டும் வாங்குங்கள்.

ஊர் திரும்பும்போது புளியும் கேழ்வரகு மாவும் சாமையும் பெட்டியில் வைக்க ஏற்றவை. புளியைக் கொட்டை நீக்கி வாங்குங்கள். எடையும் குறையும், விதை பற்றிய கேள்வியும் வராது. பழம், பச்சைக் காய், கீரை வேண்டாம். அமெரிக்க, ஆஸ்திரேலிய விமான நிலையங்களில் பறித்துக்கொள்வார்கள். ஆஸ்திரேலியா போகிறவர்கள் எந்த உணவுப் பொருளானாலும் வருகைப் படிவத்தில் தவறாமல் குறிப்பிடுங்கள். மறைத்தால் அபராதம் உண்டு. கிளம்பும் முன் உங்கள் நாட்டுச் சுங்கத் துறை இணையதளத்தில் இந்த வருட விதியைப் பார்த்துக்கொண்டு, பிறகு எவ்வளவு புளி என்று முடிவு செய்யுங்கள்.